மணல் திட்டில் பட்ட கால்

சாய்ந்தமருதில் தையல் கடை வைத்திருக்கும் ஜவுபருக்கு நாற்பத்தி நாலு வயது. இடது கால் முழங்காலுக்கு மேலே இல்லை. பதினொரு வருசத்துக்கு முன்னர் பிரதான வீதியில் மோட்டார் சைக்கிளில் போனவரை மணல் ஏற்றிய டிப்பர் லொறி ஒன்று தட்டிவிட்டுப் போனது. கால் போன கவலையை ஒரு வருசத்தில் எப்படியோ விழுங்கிவிட்டார். தொண்டையில் சிக்கி நின்றது வேறொன்று. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், யாராவது ஒருவர் அவருடைய சட்டைப் பையில் நூறு ரூபாய்த் தாளைச் செருகிவிட்டுப் போவார். மூன்று மெசினும் இரண்டு வேலையாட்களும் உள்ள கடை முதலாளி அவர். வாங்கினால் வெட்கம். திருப்பிக் கொடுத்தால் கொடுத்தவரின் முகம் கறுத்துவிடும். ஊர் இரக்கப்படத் தொடங்கிவிட்டால் அதை நிறுத்த ஒருவராலும் ஏலாது.

அப்படி இருக்கும்போதுதான் முபீன் கடைக்கு வந்தார். விளையாட்டு ஆசிரியர், ஊரில் நீச்சல் கழகம் தொடங்கியவர், வாய்ச்சாலம் உள்ள இளைஞர். ஜவுபரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பார்.

"நடக்க ஏலாத பிள்ளைகளுக்குச் சக்கர நாற்காலி வாங்கக் காசு சேர்க்கிறம் காக்கா. நீச்சல்ல வெண்கலம், வெள்ளி, தங்கம் எண்டு மூணு சின்னம் இரிக்கி. நீங்க ஒவ்வொண்டா எடுத்தா, பாக்கிற சனம் காசு தரும்."

"எனக்கா தரும்?"

"உங்களுக்கு என்னத்துக்கு? நீங்க சனத்துக்கிட்ட வாங்கிப் பிள்ளைகளுக்குக் குடுக்கிற."

அந்தச் சொல்லில் மனிதர் கவிழ்ந்தே போனார். வாங்கி வாங்கி நொந்துபோன கைக்கு, கொடுக்கிற வேலை என்றால் சும்மாவா?

ஊருக்கு மேற்கே வயலோரம் ஏரிபோல விரிந்து கிடக்கும் களப்பில் பயிற்சி நடந்தது. கரையில் செயற்கைக் காலைக் கழற்றிவைத்து, முபீனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளித் தண்ணீருக்குள் இறங்குகிற அந்தப் பத்தடிதான் அவருக்கு நரகம். கரையில் நிற்பவர்களின் கண்ணெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். இதற்கென்றே முழங்காலை மூடும் காற்சட்டை ஒன்றை அவரே தைத்து, இடது பக்கத்தைப் பையின் வாயைப் போல மூடி அடித்திருந்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டால் அவரும் மற்றவர்களைப் போல ஒரு தலையும் இரண்டு கையும்தான். ஐம்பது மீற்றர் நீந்தி வெண்கலம் எடுத்தார். சாரனும் சட்டையும் உடுத்தபடி நீந்தி, அடியிலிருந்து செங்கல் ஒன்றைத் தூக்கி வந்து வெள்ளியும் எடுத்தார். துணியில் செய்த அந்த இரண்டு சின்னங்களையும் அன்றன்று பின்னேரமே கழகச் சட்டையில் வைத்து, தன் மெசினிலேயே அடித்துப் போட்டுக்கொண்டார்.

மூன்றாவதுதான் வினையாக வந்தது. தங்கச் சின்னத்துக்குக் களப்பை அக்கரைக்கு நீந்தித் திரும்ப வேண்டும், மொத்தம் அறுநூறு மீற்றர். கூடவே வரும் தோணியைப் பிடிக்கக் கூடாது, கால் அடியில் படக் கூடாது. பட்டால் அந்த இடத்திலேயே முடிந்தது.

முபீன் கொடுத்த தாளில், இத்தனை மீற்றருக்கு இவ்வளவு என்று எழுதும்படி கட்டம் போட்டிருந்தது. எங்கள் சனத்துக்குக் கட்டமெல்லாம் எதற்கு? அவர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் நேர்ந்து நிய்யத்து வைத்தார்கள். ஜவுபர் நீந்திக் கரை சேர்ந்தால் ஒரு நாள் வள்ளத்து மீன் முழுவதும் இதற்கு என்றார் மீன் வியாபாரி அச்சிமுகம்மது. காரைதீவில் இரும்புக் கடை வைத்திருக்கும் தங்கராசா, அவர் நேர்ந்துகொள்ளும் முறையில் கண்ணகி அம்மனை நினைத்து இரண்டு நாற்காலி என்றார். நீந்தி முடித்தால் கொடுப்பது கட்டாயம். முடிக்காவிட்டால் ஒன்றுமில்லை.

வீட்டிலும் ஒரு நிய்யத்து விழுந்தது. ஜவுபர் கலியாணத்தோடு பெண் வீட்டுக்கு வந்தவர். மாமி கமீலா உம்மா பழைய காலத்து மனுசி. மருமகனோடு நேருக்கு நேர் கதைக்க மாட்டா. பதினெட்டு வருசம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், சொல்ல வேண்டியதையெல்லாம் அறைத் திரைக்குப் பின்னால் நின்று மகள் அஸ்மியாவிடம்தான் சொல்லுவா. ஆஸ்பத்திரியிலிருந்து காலில்லாமல் அவர் வந்திறங்கிய அன்று வீடே குழறியது. மாமி மட்டும் அழவில்லை. "அஸ்மியா, உன்ட மாப்பிள்ளைக்கிட்டச் சொல்லு, கடைச் சாவி என்ட பெட்டிக்குள்ள பத்திரமா இரிக்கி எண்டு" என்றது திரை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழுந்தார்.

இப்போதும் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "எனக்கிட்டக் காசு பணம் இல்ல. மருமகன் நீந்தி முடிச்சா மூணு நோன்பு பிடிக்கிற எண்டு நிய்யத்து வெச்சிட்டன்."

"சீனி வருத்தத்தோட என்ன நோன்பும்மா?" என்று, நீரிழிவுக்கு மருந்து எடுக்கிற உம்மாவின் மேல் அஸ்மியா பாய்ந்தாள். 

மாரி மழைக்கு முந்திய மாதம், ஒரு சனிக்கிழமை காலை. கரை நிறைந்த சனம். அக்கரை வரை போவதில் ஜவுபருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. திரும்பி வரும்போதுதான் தோள் கழன்றுவிடும்போல் ஓய்ந்தது. வாய்க்குள் தண்ணீர் போனது. களப்பின் நடுவே மணல் திட்டு ஒன்று இருப்பதும், இந்த மாதத்தில் அது நெஞ்சளவு தண்ணீரில் கிடப்பதும் அவருக்குத் தெரியும். வலது கால் தானாகத்தான் கீழே போனது. விரல் மணலில் பட்டது. பட்டதும் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மூச்சு வாங்கினார். பிறகு கை நீந்துவதுபோல் அடிக்க, கீழே ஒற்றைக் கால் மணலில் துள்ளியது. ஒரு துள்ளல், இரண்டு, மூன்று, நான்கு. கலங்கல் தண்ணீர் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. திட்டு முடிந்த இடத்திலிருந்து மறுபடியும் நீந்தினார்.

கரையில் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கியது. தங்கராசா வேட்டி நனைய இறங்கி வந்து அவரைத் தூக்கினார். அச்சிமுகம்மது கண்ணைத் துடைத்தார். முபீன் தங்கச் சின்னத்தைக் கையில் வைத்து, போனில் படம் எடுத்தவர்களுக்காக இரண்டு தரம் கைகுலுக்கினார். ஜவுபர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பாருங்கள், என்ன அடக்கம் என்று சனம் பேசிக்கொண்டது.

அந்தச் சின்னத்தை அன்று பின்னேரம் அவர் தைக்கவில்லை. அடுத்த நாளும் தைக்கவில்லை. கடை மேசை லாச்சியில், ஊசிப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. லாச்சியைத் திறக்க வேண்டி வந்தால் வேலையாளைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு நெஞ்சு மட்டுமா? வலது காலின் பெருவிரலே குறுகுறுத்தது.

நிய்யத்து வைத்தவர்கள் சொன்னபடி கொடுக்கத் தொடங்கினார்கள். திங்கட்கிழமை மாமி முதல் நோன்பைப் பிடித்தா. செவ்வாய் இரண்டாவது. செவ்வாய் பின்னேரம் ஜவுபர் பொறுக்க மாட்டாமல் முபீனைக் கடைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்.

"தம்பி, நான் அடியில காலை வெச்சிட்டன். அந்தத் திட்டில."

முபீன் சிரித்தார். "நான் கண்டனான் காக்கா. தோணியில பக்கத்திலதானே வந்த."

"கண்டனீங்களா? அப்ப ஏன் நிப்பாட்டல்ல?"

"ரெண்டு காலும் உள்ளவனெண்டா அந்த இடத்திலேயே தோணியில ஏத்தியிருப்பன். உங்கட நிலைமைக்கு அதெல்லாம் பாக்கிறதா? நீங்க அவ்வளவு தூரம் வந்ததே பெரிய விசயம்."

நூறு ரூபாய்த் தாளைப் பையில் செருகுகிறவர்களின் முகம் அப்படியே முபீனின் முகத்தில் இருந்தது. களப்பு முழுவதையும் நீந்தி ஜவுபர் பள்ளிவாசல் படிக்கே திரும்பி வந்திருந்தார். ஏமாற்றியது ஒரு வெட்கம். ஏமாற்றுவதற்குக் கூட ஆளாக எண்ணப்படவில்லை என்பது அதைவிடப் பெரிய வெட்கம். வந்தவருக்குத் தேநீர் கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது, அறைக்குள் அஸ்மியா அழுதுகொண்டு நின்றாள். "உம்மா, கை நடுங்குது. நோன்ப விடுங்க. அல்லாஹ் மன்னிப்பான்."

"சும்மா இரி புள்ள. அந்த மனிசன் ஒத்தக் காலால தண்ணியக் கடந்திரிக்கார். எனக்கு ஒரு பகல் பட்டினி கிடக்க ஏலாதா?"

ஜவுபர் திரைக்கு வெளியே நின்றார்.  கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்தே சொன்னார். "மாமி, நான் நீந்தி முடிக்கல்ல. நடுவில திட்டில கால் வெச்சு நடந்திட்டன். உங்கட நோன்பு கடமையாகவே இல்ல. நீங்க சும்மா பட்டினி கிடக்கிறீங்க."

அஸ்மியாவின் அழுகை நின்றது.  பிறகு திரை விலகியது. கமீலா உம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, பதினெட்டு வருசத்தில் முதல் தடவையாக மருமகனின் முகத்தை நேரே பார்த்தா.  

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"இரிக்கி மாமி."

"மூணு நாள் ஒரு பொய்க்குப் பட்டினி கிடந்திரிக்கன். கால் போனா என்ன மருமகன், வாய் போகல்லையே? அண்டைக்குக் கரையில வெச்சே சொல்லியிருக்கலாமே!"

"மன்னிச்சிடுங்க மாமி. இனித் தண்ணிப் பக்கமே போக மாட்டன். நான் முடிச்சா நீங்க மறுகாவும் நோன்பு பிடிக்க வேணும். உங்கட உடம்புக்கு…"

"என்ட உடம்ப நான் பாத்துக்குவன். அதைச் சாட்டி நீங்க ஒளியாதீங்க. என்ட நிய்யத்து இன்னும் அப்படியே நிக்கிது. போய் நீந்துங்க."

திரை மறுபடியும் விழுந்தது. மாமி அன்றைய நோன்பைப் பொழுதுபட்டு மஃரிபில்தான் திறந்தா. அந்தச் சீனி வருத்தக்காரியைப் பட்டினி போட்ட வெட்கத்தில் ஜவுபருக்கு இராச்சோறு இறங்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கால் போனதிலிருந்து ஒருவரும் அவரை அப்படித் திட்டியதில்லை. எல்லோரும் தடவிக் கொடுத்த இடத்தில் மாமி மட்டும் அறைந்தா. அந்த அறை அவருக்கு வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, நடந்ததைச் சொன்னார். நனைந்த பிறகு முக்காடு எதற்கு? காது இரண்டும் நெருப்பாகச் சுட்டன. அச்சிமுகம்மது வேறு பக்கம் பார்த்தார். யாரோ மெல்லச் சிரித்தார்கள். படியில் உட்கார்ந்து காலை மாட்டினார். அன்று ஒருவரும் அவருடைய பையில் காசு செருகவில்லை. காரைதீவுக்குப் போய்த் தங்கராசாவிடமும் சொன்னார். "குடுத்த நாற்காலியை அம்மனிட்டத் திருப்பிக் கேக்க ஏலுமா? நீர் திரும்ப நீந்தும்" என்றார் அவர். தங்கச் சின்னம் முபீனின் கைக்குத் திரும்பியது.

அடுத்த சனிக்கிழமை காலை மறுபடியும் களப்பு. இந்த முறை இருபது பேர் கூட இல்லை. முபீன் தோணியில் ஏற முன்னர் ஜவுபர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, கால் பட்டா ஏத்த வேணும். ரெண்டு கால் உள்ளவனை ஏத்துறாப்போல ஏத்த வேணும்." முபீனால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த முறை வெட்கம் முபீனுடையது. "ஓம் காக்கா" என்றார்.

அக்கரைக்குப் போனார். திரும்பினார். திட்டுக்கு மேலே வந்தபோது தோள் பழையபடி ஓய்ந்தது. காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டு கையால் மட்டும் அடித்தார். ஆறேழு முழம் அப்படியே போனார். பிறகு உடம்பு தாழ்ந்தது. பெருவிரல் மணலைத் தொட்டது, தொட்டதும் எடுத்துக்கொண்டார்.

"பட்டிட்டு!" களப்பு முழுவதும் கேட்கக் கத்தினார் முபீன். "காக்கா, முடிஞ்சுது. ஏறுங்க!"

இரக்கமே இல்லாமல் கக்கத்தில் கைகொடுத்து இழுத்துத் தோணியில் போட்டார். கரையில் நின்ற கொஞ்சப் பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ஜவுபர் ஈரத்தோடு தோணியடியில் கிடந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இது தோற்றுப்போன எந்த மனிதனுக்கும் வருகிற வெட்கம். அதை ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து கரையைப் பார்த்தார்.

கரையில் பிளாஸ்டிக் கதிரையில் கமீலா உம்மா இருந்தா. பக்கத்தில் அஸ்மியா குடை பிடித்துக்கொண்டு நின்றாள். தோணி கரையைத் தொட்டதும் மாமி எழுந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தை மகளின் பக்கம் திருப்பினா.

"அஸ்மியா, உன்ட மாப்பிள்ளைக்கிட்டச் சொல்லு, வாற சனிக்கிழமையும் எனக்கு வேலை ஒண்டுமில்ல எண்டு."