சொட்டு நீலம் காட்டிய வழி

செவ்வாய்க்கிழமை காலை ரெஜினாவின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சார். தூக்கத்துலயே." ரெஜினா, உங்கள் எல்லோருக்கும் தெரிந்தபடி, அடையாறில் நம் அடுக்ககத்தின் முதல் மாடியில் குடியிருந்தவர். பள்ளியொன்றின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஒரு கோடைக் காலையில் தெருமுனை மழைநீர் வடிகால் மூடியருகே குனிந்து நின்றிருந்தார். உள்ளே சோப்பு நுரையோடு சாம்பல் நிறத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "மழை பேஞ்சு மூணு மாசமாச்சு. இதுல எப்படி சார் தண்ணி வருது?" நான் தினமும் தாண்டிப் போகும் மூடிதான் அது.

இரண்டு வாரம் நேரம், நிறம், நாற்றம் எல்லாவற்றையும் குறித்துவைத்தார். பிறகு தன் வீட்டுக் கழிப்பறையில் ஒரு குப்பி சொட்டு நீலத்தைக் கொட்டித் தண்ணீர் விட்டுவிட்டு, தெருமுனைக்கு நடந்தார். சிறிது நேரத்தில் வடிகாலில் நீலம் வந்தது. நம் கட்டடத்துக் கழிவுதான்.

சங்கச் செயலாளர் என்ற முறையில், வெளியே சொல்ல வேண்டாம், நாமே பார்த்துக்கொள்ளலாம் என்றேன். "எப்ப சார் பாப்பீங்க? இது நேரா ஆத்துக்குப் போகுது. அங்க ஒருத்தர் இடுப்பளவு தண்ணில நின்னு வலை வீசறாரு." மறுநாள் புகைப்படங்களோடு மாநகராட்சியில் புகார் கொடுத்தார்.

விசாரிக்க வந்த அதிகாரி, "யாரும்மா குடுத்தது?" என்று கேட்டார். "நான்தாங்க. எங்க வீட்டுத் தண்ணியும் இதுலதான் போகுது."

ஒரு வாரம் வாசலைத் தோண்டிப்போட்டுக் குழாயை மாற்றினார்கள். வீட்டில் தண்ணீரைத் திறந்துவிட முடியாமல் எல்லோரும் தவித்தோம். சங்கக் கூட்டத்தில் அவரை என்னென்ன சொன்னோம் என்பது உங்களுக்கே நினைவிருக்கும். அதன்பின் பலர் அவரோடு லிஃப்டில்கூட ஏறவில்லை.

பல மாதம் கழித்து நான் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். முன்பொரு மழைக்காலத்தில் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டபோது, தற்காலிகமாக வடிகாலில் திருப்பிவிடச் சொன்னது நான்தான் என்றேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன் என்றும் சொன்னேன்.

"தெரியும் சார். தோண்டும்போதே பிளம்பர் சொல்லிட்டாரு."

"கூட்டத்துல ஏன் சொல்லல?"

"அந்தத் தண்ணி நிக்கணும்னுதான் புகார் குடுத்தேன். உங்கள மாட்டிவிடறதுக்கு இல்ல. உள்ள வாங்க, டீ போடறேன்."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஐந்து நிமிடப் பேச்சுதான். இறுதித் திருப்பலியில் நீங்கள் எல்லோரும் வந்து நின்றீர்கள். அன்று சங்கக் கூட்டத்தில் அவர்மீது விழுந்த பேச்சு எனக்குரியது. அதை அவர் இருக்கும்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.