தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தவை

பல்கலைக்கழக வாசலைத் தாண்டும்போது வெயில் சாய்ந்திருந்தது. நாகமலை புதுக்கோட்டையில் நாங்கள் விற்ற வீட்டிலிருந்து அதுவரை நடந்தே வந்திருந்தேன். பின்னால் வந்த மூன்று பேருந்துகளுக்கும் கை காட்டவில்லை. டிக்கெட்டுக்குக் காசு இருந்தது. உசிலம்பட்டியில் போய் இறங்கினால் அக்கா வீட்டு நடையில் அம்மா உட்கார்ந்திருப்பாள். மச்சான் ஏதாவது கேட்பார். அதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போட நடப்பதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

நான் போய்க் கேட்டது ஐம்பதாயிரம். அது வீட்டுக்கான காசு அல்ல. வீட்டுக் காசு பத்திரப் பதிவு அன்றே வந்துவிட்டது, வந்த வேகத்தில் போயும்விட்டது. அப்பாவின் சிறுநீரகம் இரண்டு வருடமாக அந்த வீட்டைத் தின்றிருந்தது. வங்கிக்காரன் எடுத்தது போக மிச்சத்தில் அக்காவின் அடகு நகைகளை மீட்டுக் கொடுத்தோம். அத்தோடு சரி. வீட்டை வாங்கியவர் தர வேண்டியிருந்தது உள்ளே விட்டுவிட்டு வந்த சாமான்களுக்கு. ஏசி, பிரிட்ஜ், துணி துவைக்கிற மெஷின், இன்வெர்ட்டரும் பேட்டரியும், போர்வெல்லுக்குள் முந்நூறு அடியில் கிடக்கிற மோட்டார்.

எல்லாம் நான் வாங்கிப் போட்டவை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த வேலையிலும் ஒன்றரை வருடத்துக்கு மேல் நின்றதில்லை. நின்ற இடம் ஒவ்வொன்றிலிருந்தும் வீட்டுக்கு ஒரு சாமான் போனது. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் கால் நகங்கள் நீலமாகிப்போன வருடத்தில் பிரிட்ஜ். கோயம்புத்தூரில் இரும்பு வார்க்கிற பட்டறையில் துவைக்கிற மெஷின். கேரளத்தில் சாரம் கட்டிய காலத்தில் இன்வெர்ட்டர். கிணறு வற்றிய கோடையில், எங்கே வேலை பார்த்தேன் என்று இப்போது சரியாக நினைவில்லை, மோட்டார். அப்பாவுக்கு உடம்பு முற்றியபோது சென்னையில் ஓர் ஓட்டல் அடுப்படியில் இருந்தேன். தவணை போட்டு ஏசி வாங்கினேன். ஆறு மாதம்தான் அவர் அதன் கீழே படுத்திருந்தார். கடைசிப் பன்னிரண்டு வருடச் சம்பாத்தியம் என்று கையைக் காட்ட என்னிடம் வேறு எதுவும் கிடையாது.

வீடு பார்க்க வந்த அன்றே வாங்குகிறவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறவர். அவருக்கும் பூர்வீகம் உசிலம்பட்டிப் பக்கம்தான்.

"இதையெல்லாம் கழட்டாதீக தம்பி. இருக்க எடத்துலயே இருக்கட்டும். தனியாப் பேசிக்குவோம்" என்றார்.

பேசினோம். எழுபதில் தொடங்கி ஐம்பதில் நின்றது. எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்குச் சிரித்தார். "நம்ம பக்கத்து ஆளுகளுக்குள்ள எழுத்து எதுக்கு? பால் காய்ச்சி முடிச்ச மறுநாள் வந்து வாங்கிக்கங்க."

அந்த ஐம்பதை நம்பித்தான் காளவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு ஓர் அறையும் அடுப்படியும் பார்த்து வைத்தேன். முன்பணம் நாற்பதாயிரம் கேட்டார்கள். அம்மா அதுவரை உசிலம்பட்டியில் அக்கா வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. அக்கா வீட்டில் அறை ஒன்றுதான். அதில் அக்காவின் மாமியார் படுப்பார். எங்கள் அம்மாவுக்கு நடையில், கடலை மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில், பாய் விரிக்கிற அளவுக்கு இடம்.

சாவி கொடுத்த காலையைச் சொல்லியாக வேண்டும். விற்கிற வீட்டை எங்கள் பக்கத்தில் வெறுங்கையால் ஒப்படைக்க மாட்டார்கள். அந்த வீட்டில் விளக்கு ஏற்றிய பெண், தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, ஒரு கை கல் உப்பு வைத்து, அதன் மேல் சாவியை வைத்து, வருகிற பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். தான் கொடுக்கலாமா, அப்பா போய்விட்டாரே என்று அம்மா தயங்கினாள். வாங்கியவரின் மனைவி வந்து, "நீங்க குடுத்தாத்தான் நான் வாங்குவேன்" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அதில் நெஞ்சு நிறைந்துவிட்டது. தாம்பாளத்தில் சாவி மட்டும் கிடப்பது அவளுக்குப் போதவில்லை. ஏசி ரிமோட்டை வைத்தாள். இன்வெர்ட்டரின் வாரண்டி கார்டை வைத்தாள். "அந்த பில்லுகளை எங்கய்யா வச்ச? அந்தப் புள்ளைக்கு நாளைக்கு ரிப்பேருன்னா வேணும்ல" என்று என்னைக் கேட்டாள். நான்தான் அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதையும் வைத்தாள். அந்தப் பெண் குங்குமம் இட்டுக்கொண்டு தாம்பாளத்தைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு மரியாதையாக விடைபெறுகிறோம் என்றுகூட நினைத்தேன்.

பால் காய்ச்சிய மறுநாள் போனேன். வெள்ளிக்கிழமை, காசு வெளியே போகக் கூடாது என்றார். அடுத்த வாரம் போனேன். ஏசி சரியாகக் குளிரவில்லை, ஆள் வந்து பார்க்கட்டும் என்றார். அதற்குள் காளவாசல் வீட்டுக்காரர் கெடு வைத்துவிட்டார். அந்தக் கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போதுதான் மூன்றாவது முறையாகப் போயிருந்தேன்.

அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எங்கள் பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து நீட்டினார். நன்றாகக் குளிர்ந்திருந்தது.

"அண்ணே, நாளையோட கெடு. அந்த வீட்டை வேற ஆளுக்கு விட்ருவேன்னு சொல்லிட்டாக."

"அதுக்கு நான் என்ன தம்பி பண்ணணும்?"

"சாமான் காசுண்ணே. அம்பதாயிரம்."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டார். "ஏந்தம்பி, வெத்தல பாக்கோட தட்டுல வச்சுக் குடுத்ததுக்கு எந்த ஊர்லயாச்சும் காசு வாங்குவாகளா?"

"தட்டுல வச்சது சாவிதான்க்கா."

"சாவி மட்டுமா வச்சாக உங்கம்மா? ரிமோட்டு இருந்துச்சு, கார்டு இருந்துச்சு, அம்புட்டு பில்லும் இருந்துச்சு. வாங்குனவ நான்தானே."

"மோட்டாரத் தூக்கித் தட்டுல வைக்க முடியாதுல்ல, அதான் பில்ல வச்சிருக்காக" என்று கணவர் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"வெலை பேசுனோம்லண்ணே."

"பேசுனோம். இல்லேங்கல. பேசுனது முன்னாடி, தட்டு வந்தது பின்னாடி. சரி, மனசு மாறிக் குடுத்திருக்காகன்னு நெனைச்சோம். அந்தம்மாவுக்குப் பெரிய மனசுன்னு இவ அன்னைக்கே சொன்னா."

"பெறகு எதுக்குண்ணே வெள்ளிக்கெழமைன்னீக, ஏசி குளிரலன்னீக?"

அவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். ஓர் ஆள் பொய் சொல்கிறான் என்று தெரிந்தும் அவன் பக்கம் ஒரு நியாயம் இருப்பது மாதிரித் தோன்றினால், எதிரே நிற்கிறவனுக்கு வாய் அடைத்துப்போகும். எனக்கு அப்படித்தான் ஆனது. தாம்பாளத்தில் வந்ததற்கு விலை கிடையாது. எனக்கும் அது தெரியும்.

"எங்கம்மா தெரியாம வச்சிருச்சுண்ணே."

"அப்படியா? போனைப் போடுங்க. தெரியாம வச்சேன்னு அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும். இப்பவே எண்ணித் தாரேன்."

உண்மையாகவே உள்ளே போய்க் காசை எடுத்து வந்து முக்காலியில் வைத்தார். ஐந்நூறு ரூபாய்க் கட்டு ஒன்று, ரப்பர் வளையம் போட்டது. நான் போனைப் போட்டேன். எனக்கு நம்பிக்கை இருந்தது. அவர் மனைவி போனை வாங்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"அம்மா, நல்லா இருக்கீகளா?"

"இருக்கேன் தாயி. புது வீடு நல்லா இருக்கா? தண்ணி நல்லா வருதா?"

"வருதும்மா. ஒண்ணு கேக்கணும். அன்னைக்குத் தட்டுல ரிமோட்டு, பில்லெல்லாம் வச்சீகள்ல. எங்களுக்குன்னு வச்சீகளா, தெரியாம வச்சீகளா? தம்பி இங்கதான் இருக்காரு."

அந்தப் பக்கம் ஓர் ஆடு கத்தியது. அம்மா மூச்சு விடுவது கேட்டது.

"தெரிஞ்சுதான் வச்சேன் தாயி. உங்களுக்குன்னுதான் வச்சேன். தட்டுல குடுத்தது குடுத்ததுதான். நீங்க நல்லா இருங்க."

அந்தப் பெண் போனை என்னிடம் கொடுத்தார். அவர் கணவர் கட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஜெயித்த களை இல்லை. சங்கடமாகத்தான் இருந்தார். "காப்பி குடிச்சுட்டுப் போங்க தம்பி" என்றார். நான் செருப்பை மாட்டினேன். காவல் நிலையத்துக்குப் போகலாம் என்று தெருமுனை வரை நினைத்தேன். பில்கள் அவர்களிடம். பேச்சுக்குச் சாட்சி இல்லை. கொடுத்தவளே கொடுத்தேன் என்கிறாள். அங்கே போய் எதைச் சொல்வது?

செக்கானூரணி வரை நடந்தேன். அங்கே பேருந்து ஏறி உசிலம்பட்டியில் இறங்கியபோது கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள்.

மச்சான் வாசலில் மாட்டுக்குத் தவிட்டைக் கலக்கிக்கொண்டிருந்தார். "என்ன மாப்ள, பிரிட்ஜைத் தலையில தூக்கிட்டு வருவன்னு பாத்தா வெறுங்கைய வீசிட்டு வார?"

நான் செருப்பைக் கழற்றினேன்.

"சிரிக்கத்தான் சொன்னேன். அத்தை இன்னும் எம்புட்டு நாளைக்கு நடையில படுக்குறது? எங்காத்தா ராத்திரி எந்திருச்சு வெளிய போகத் தாண்டித் தாண்டிப் போகுது. ஒரு நாளு மேல விழுந்தா ரெண்டு கெழவிக்கும் சேத்து வைத்தியம் பாக்கணும்." அவர் கெட்டவர் இல்லை. அவர் வீடு அவ்வளவுதான்.

அம்மா மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் கேட்கப்போவது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஒரு வார்த்தைம்மா. தெரியாம வச்சேன்னு ஒரு வார்த்தை. காசை எடுத்து முன்னாடி வச்சுட்டாரு."

"பொய்யா சொல்லச் சொல்ற?"

"அவரு சொல்றது மட்டும் நெசமா?"

"அவரு என்ன வேணா சொல்லட்டும். தட்டைக் குடுத்தது நானு. அந்தப் புள்ள கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்குச்சு. இப்பத் திருப்பிக் காசைக் கேட்டா அந்த வீட்டுல வெளக்கு நிக்குமா? உங்கப்பா உசுரு போன வீடுய்யா அது. வந்தவகளாச்சும் நல்லா இருக்கட்டும்."

"நாம நல்லா இருக்க வேணாமா? அது என் பன்னண்டு வருசம்மா."

உள்ளே அக்கா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் சம்பாத்தியந்தான், யாரு இல்லேன்னா? நீயும் அங்கதானே நின்ன. அலமாரியில இருந்து பில்லை எடுத்து என் கையில குடுத்தது யாரு? வேணாம்மான்னு அப்பச் சொல்லியிருந்தா வைப்பேனா?"

இரவு மச்சானோடு வாசலில் படுத்தேன். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். முறுக்குக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டேன். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் பக்கத்து ஆட்கள் வடக்கே ஊர் ஊராக முறுக்குக் கம்பெனி வைத்திருக்கிறார்கள். வேலைக்கு இங்கிருந்தே ஆள் பிடித்துப் போவார்கள். போகும்போதே முன்பணம் கையில் கிடைக்கும். அதற்கு ஒரு வருடம் இருந்து கழிக்க வேண்டும். நடுவில் ஊருக்கு வர முடியாது. எல்லா வேலைக்கும் போனவன் நான். அதற்கு மட்டும் போனதில்லை. பிடிக்காத இடத்தில் மறுநாள் இல்லாமல் போய்விடுவதுதான் நான் இதுவரை வைத்திருந்த ஒரே சொத்து. அங்கே அது நடக்காது.

காலையில் சந்தைக்குப் பக்கத்தில் ஆள் பிடிக்கிறவரின் கடைக்குப் போனோம். மச்சான் ஜாமீனுக்கு வந்திருந்தார்.

"வயசு?"

"முப்பத்தெட்டு."

"இளவட்டமே மூணு மாசத்துல ஓடிப் போறாய்ங்க. இவரு எங்கயும் நின்னதில்லன்னு ஊரே சொல்லுதே" என்று மச்சானிடம் கேட்டார்.

"நிப்பாப்ல. நான் கையெழுத்துப் போடுறேன்ல. ஓடுனா என் மாட்டைப் பிடிச்சுக்கங்க."

"மாட்டை வச்சு முறுக்கு சுடவா?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "மாவு பெசையிற எடம்னா முப்பது. எண்ணெய்ச் சட்டின்னா நாப்பது. எதுல நிக்கிற?"

"ஏண்ணே சட்டிக்குப் பத்து கூட?"

"போனாத் தெரியும்."

அவர் பக்கத்தில் கணக்கெழுதுகிற ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டியில் நின்று திரும்பியவர் போலிருக்கிறது. முன்னங்கை இரண்டிலும் முடியே இல்லை. தோல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுக் கட்டியிருந்தது.

சட்டி என்றேன்.

நாற்பதாயிரத்தை எண்ணி மச்சான் கையில் கொடுத்தார். பதினோரு மணிக்குள் காளவாசலில் கட்டிவிட்டு அம்மாவைக் கூட்டிப்போவதாக மச்சான் சொன்னார். வண்டி பத்து மணிக்கு. ஆள்பிடிப்பவர் என் ஆதார் அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மேசை இழுப்பறைக்குள் மற்ற அட்டைகளோடு போட்டுப் பூட்டினார்.