பெரிய கங்காணியின் தாடை மாட்டிக்கொண்டது

இன்று காலை வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எங்களை ஏசிக்கொண்டிருந்த பெரிய கங்காணியின் தாடை மாட்டிக்கொண்டது. வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

எந்த மலையில் தேயிலைக் கொழுந்தெடுப்பது என்று அவர்தான் சொல்லவேண்டும். அவரோ பதறிப்போய் ஆஸ்பத்திரிப் பக்கம் கையைக் காட்டினார்.

"இன்னைக்கு ஆஸ்பத்திரி மலையாம், வாங்கடி" என்றாள் மாரியாயி. கூடையோடு எல்லோரும் அவர் பின்னால் போனோம்.

யாழ்ப்பாணத்து மருந்தய்யா தாடையை அழுத்தி இடத்தில் உட்காரவைத்தார். "மூக்கு உள்ளுக்கை வளைஞ்சு கிடக்கு. எந்நேரமும் வாயாலைதான் மூச்சு விடுறீர். அதுதான் தாடை மூட்டு தளர்ந்துபோச்சு."

"மருந்து ஏதும் இருக்குங்களா ஐயா?" என்றார் கங்காணி.

"வாயை மூடிக்கொண்டு இரும்."

இத்தனை வருஷமாக எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தைரியம் வராத வைத்தியம்.

உங்கள் தோட்டத்துக் கங்காணிக்கு மூக்கு எப்படி, நேராகவா இருக்கிறது?