கட்டாமல் விட்ட சாய்வுப் பாதை

2012ஆம் ஆண்டு தை மாதம், புதுக் கட்டடத்தில் பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாளே என் மகள் ஜெனிற்றாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து இரண்டு காலிலும் பெலன் இல்லை. எங்கள் பங்குப் பாதர் எடுத்துத் தந்த சக்கரக் கதிரையில்தான் எங்கேயும் போவாள்.

பிள்ளைகளே, நாங்கள் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து மன்னாருக்குத் திரும்பி வந்தபோது ஊரில் பள்ளிக்கூடம் என்று இருந்தது ஒரு தகரக் கொட்டில். வெயிலுக்குக் கொதிக்கும். மழை பெய்தால் ரீச்சர் பேசுவது கேளாது. ஆனால் வெளி நிலமும் உள்தரையும் ஒரே மட்டம். ஜெனிற்றா தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருப்பாள். பிறகு புதுக் கட்டடம் வந்தது. மாரியில் குளத்து வெள்ளம் ஏறும் இடம் என்பதால் இரண்டரை அடி உயர்த்திக் கட்டியது. வாசலில் ஐந்து படி.

அன்றைக்கு அதிபர் படியின் மேலே நின்றார். நாங்கள் கீழே நின்றோம்.

"இண்டைக்கு நீங்கள் தூக்கி விடுவியள். இடையில வெளிக்குப் போக வேணுமெண்டா? விழுந்தாளெண்டா ஆர் பொறுப்பு? வீட்டில வைச்சுப் படிப்பியுங்கோ" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் பயம்.

நான் கதிரையைத் திருப்பினேன். அந்த ஐந்து படியையும் கட்டிய மேசன் நான்தான்.

வீட்டுக்கு வந்து செபிக்கத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமைகளில் ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன். மகள் நடந்தால் மடு மாதாவுக்கு வெள்ளியில் இரண்டு கால் செய்து வைக்கிறேன் என்று நேர்ந்தேன். தை போய் மாசி வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. காலையில் பள்ளிக்கூட மணி எங்கள் வீட்டுக்குக் கேட்கும். கேட்டதும் ஜெனிற்றா சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டு கொப்பியை விரிப்பாள். அதைப் பார்க்கமாட்டாமல் நான் வேலைக்கு ஓடிவிடுவேன். சாந்து குழைக்கும்போதும் ஒரே யோசனை. எனக்கு ஏதும் நடந்தால் இவளை யார் தூக்குவார்?

ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு அவள் கூப்பிட்டாள். "அப்பா, இஞ்ச வாங்கோவன்."

கட்டட வேலை முடிந்தபோது பழைய வரைபடத் தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். நல்ல தடிப்பான தாள். அதை வெட்டி அவளுடைய கணக்குக் கொப்பிக்கு உறை போட்டுக் கொடுத்தேன். அந்த உறையில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இது எங்கட பள்ளிக்கூடம்தானே? படிக்குப் பக்கத்தில நீட்டுக்குச் சரிஞ்சு போற இது என்னப்பா?"

அது சக்கரக் கதிரை ஏறுவதற்கான சாய்வுப் பாதை. வேலை நடந்த நேரம் அதை வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரரிடம் நானே காட்டினேன். அவர் சிரித்தார். "அதை விடும் மேசன். இந்த ஊரில ஆர் வண்டில் ஓட்டிக்கொண்டு படிக்க வரப்போறான்?"

நானும் சேர்ந்து சிரித்தேன். பிள்ளைகளே, நம்புங்கள். தகரக் கொட்டிலுக்கு அவள் உருட்டிக்கொண்டு போவதை நாளும் பார்த்தவன் நான். அந்த நேரம் என் மகளின் நினைவே எனக்கு வரவில்லை. படி என்றால் நான் தூக்குவேன், அவ்வளவுதான் என் புத்தி. அவளுக்கென்று ஒரு பாதையை யாரோ படத்தில் கீறி அனுப்பியிருப்பார்கள் என்று தோன்றவே இல்லை.

"தெரியாது பிள்ளை" என்று பொய் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பாதர் "பாவத்தை ஆண்டவர் மன்னிச்சிட்டார். ஆனா படி அப்பிடியே கிடக்கே, சூசை?" என்றார். உடற்குறையைக் காட்டி ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் விடக்கூடாது என்று 1996ஆம் ஆண்டே நாட்டில் சட்டம் வந்துவிட்டதையும், பொதுக் கட்டடங்களில் இவர்களும் போகத்தக்க வழி இருக்க வேண்டும் என்ற விதியையும் அவர்தான் சொன்னார். எனக்கு அதுவரை தெரியாது.

கல்வி அலுவலகத்தில் போய்ச் சொல்லப்போகிறேன் என்றதும் என் மனைவி பிலோமினா பயந்து அழுதாள். "எங்கட பக்கம் உங்களுக்கு வேலை குடுக்கிறது அந்தக் கொந்தராத்துக்காரர் ஒருத்தர்தான். காட்டிக் குடுத்தா நாளைக்கு ஆர் கூப்பிடுவினம்?" அழுதுகொண்டே என் நல்ல சட்டையைத் தோய்த்துப் போட்டாள்.

மகளிடம் கொப்பியைக் கேட்டேன். தரவில்லை. "கொப்பி என்ர. நானும் வாறன்."

மூவரும் பஸ்ஸில் கல்விக் கந்தோருக்குப் போனோம். வழி முழுக்கச் செபமாலை உருட்டினேன், எந்த மணியில் நிற்கிறேன் என்று தெரியவில்லை. அங்கே ஓர் அதிகாரி உறையைக் கழற்றி மேசையில் விரித்தார். கன நேரம் பார்த்தார்.

"படத்தில இருக்கு. கட்டேல்லை. ஆர் இதுக்கு மேசன்?"

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆண்டவரே, இப்போது விட்டுவிடாதேயும் என்றேன், மனதுக்குள்.

"நான்தான் ஐயா. எனக்குத் தெரிஞ்சே விட்டது."

அவர் பேனையை வைத்துவிட்டார். "கட்டினவர் நீங்களே சொல்ல வந்தனீங்களோ?" பிறகு ஜெனிற்றாவிடம், "நீர் எந்த வகுப்பு?" என்றார். "நாலு. ஆனா போகேல்லை" என்றாள்.

கடிதம் போனது. பிள்ளையை உடனே சேர்க்க வேண்டும், விட்ட வேலையைக் கொந்தராத்துக்காரர் செய்து முடிக்க வேண்டும். அவர் மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்தினார். "இனி என்ர வேலைப் பக்கம் தலை காட்டாதை!" கல்லும் சீமெந்தும் இறக்கினார், மேசனை அனுப்பவில்லை. சரி என்று நானே சாந்துக் கரண்டியை எடுத்தேன். மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயின் மறு நுனியை அதிபர் வந்து பிடித்தார்.

"ஆட்டாதேங்கோ சேர், பள்ளிக்கூடம் சரிஞ்சு போகும்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குக் கண் கலங்கியது.

ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இரண்டரை அடிக்கு முப்பது அடி. ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாள் தண்ணீர் ஊற்றினேன். வெடித்துவிடுமோ என்று ஏழு நாளும் பயம்.

எட்டாம் நாள் காலை நான் கதிரையின் பின்னால் கை வைத்தேன்.

"கையை எடுங்கோ அப்பா."

எடுத்தேன். தானே உருட்டிக்கொண்டு ஏறினாள். நடுவில் ஒரு தரம் மூச்சு வாங்க நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கொந்தராத்துக்காரர் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. ஆனால் ஆண்டவர் கைவிடவில்லை. திருக்கேதீஸ்வரப் பக்கம் வீட்டுத்திட்ட வேலை கிடைத்தது. இப்போது வரைபடத்தில் எனக்கு விளங்காத கோடு இருந்தால் கேட்டு அறியாமல் அத்திவாரம் வெட்டமாட்டேன்.

பிள்ளைகளே, நான் ஆண்டவரிடம் கேட்டது கால். அவர் தந்தது பாதை. அந்தப் பாதையை நான் செபிக்க முன்னமே அவர் என் கையில் தந்திருந்தார். கட்டாமல் விட்டவன் நான். நீங்களும் நம்பிக் கேளுங்கள், அவர் கேட்பார். கேட்டுவிட்டு உங்கள் கையிலும் ஒரு தரம் பாருங்கள். படிக்குக் கீழே ஒரு சிநேகிதன் நின்றால் "பாவம்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போகாதேயுங்கள். இவனுக்கு வழி எங்கே என்று பெரியவர்களிடம் கேளுங்கள். நாங்கள் சிரித்தாலும் கேளுங்கள்.