ராமையா மண்டோருக்கு ஐம்பத்து மூன்று மார்க்

தலைமையகத்திலிருந்து ஆட்கள் வர இருபது நிமிடம் இருக்கும்போது, எங்கள் பிரிவின் மிகச் சிறந்த நோயாளி கைகழுவும் தொட்டியின் அடியில் விழுந்து கிடந்தார்.

நான் அப்போது மலேசியாவில், சிரம்பானுக்கு வெளியே ஒரு பக்கவாத மறுவாழ்வுப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட். ஆனாலும் நோயாளிகளுக்கு நான் மிஸ்ஸிதான். வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் எல்லாரும் அவர்களுக்கு மிஸ்ஸி. கிடந்தவர் ராமையா. ரந்தாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் மண்டோராக இருந்து ஆட்களை மேய்த்தவர். அவர் எப்படி எங்கள் முதல் மார்க் மாணவர் ஆனார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் என் பங்கும் உண்டு.

1. மூன்று டெஸ்ட்

ராமையாவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. மூன்று மாதத்தில் கைத்தடி இல்லாமல் நடந்தார். பேலன்ஸ் டெஸ்டில் பதினான்கு செயல்கள் உண்டு: உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் நிற்பது, கண்ணை மூடி நிற்பது. மொத்தம் ஐம்பத்தாறு மார்க். ராமையா ஐம்பத்து மூன்று வாங்கினார். கண்ணை மூடச் சொன்னால் அரைக்கண்தான் மூடுவார் என்பது எனக்குத் தெரியாது. நான் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது உணர்ச்சி டெஸ்ட். கண்ணைத் துண்டால் மூடிவிட்டு, பாதத்தில் நைலான் இழையால் தொடுவேன்.

“படுதா?”

“நல்லா படுது மிஸ்ஸி.”

பத்துக்குப் பத்து.

மூன்றாவது, அடிகளை எண்ணும் கடிகாரம். வலது மணிக்கட்டில் கட்டி வீட்டுக்கு அனுப்பினோம். நாளுக்கு ஒன்பதாயிரம் அடி காட்டியது. எனக்கே அவ்வளவு வராது.

எங்கள் பிரிவுத் தலைவர் ஜெயரத்தினத்துக்கு நடக்கும் மனிதர்களைவிட அவர்களுடைய கிராஃப்மேல்தான் பிரியம். ராமையாவின் கிராஃபைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டினார். தலைமையகத்தார் முன்னிலையில், ராமையா மீண்டும் மோட்டார் சைக்கிள் ஓட்டலாம் என்ற கடிதத்தைக் கொடுப்பதாக ஏற்பாடு. கடிதம் கிடைத்தால் திங்கட்கிழமையே தோட்டத்தில் வேலை.

2. மெதுவாக அமர்ந்தார்

“போட்டோ எடுப்பாங்க, முகத்தக் கழுவிட்டு வாங்க” என்று ஜெயரத்தினம்தான் அனுப்பினார். சோப்புப் போட்டதும் ராமையா முழுக்கண்ணையும் மூடியிருக்கிறார். அப்படியே சாய்ந்துவிட்டார். புருவம் கிழிந்து ரத்தம்.

ஜெயரத்தினம் ஓடி வந்தார். “இன்னிக்கா விழணும்? ரிப்போர்ட்ல ஃபால்னு போடாதீங்க. ‘மெதுவாகத் தரையில் அமர்ந்தார்’னு போடுங்க.”

“மெதுவா உக்காந்தா புருவம் கிழியுமா சார்?” என்றேன்.

பெஞ்சிலிருந்து எழுந்து வந்த ராமையாவின் மனைவி சரோஜா, புருவத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே சொன்னார். “வீட்டுலயும் இப்படித்தான் உக்காருவாரு. தலைக்கித் தண்ணி ஊத்தறப்ப மூனு வாட்டி உக்காந்துட்டாரு.”

“ஏம்மா எங்ககிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

“யாரு கேட்டா? மூனு மாசமா அந்தப் பெஞ்சுலதானே இருக்கேன். நடக்கறப்ப எடது செலிப்பரு கழண்டு ரோட்டுல கெடக்கும். இவரு பாட்டுக்கு வெறுங்காலோட போய்க்கிட்டே இருப்பாரு.”

“ஒன்பதாயிரம் அடி நடக்கிறாரே?”

“எங்க நடக்கறாரு? வாசத் திண்ணை அஞ்சடியில நாக்காலி போட்டு உக்காந்துகிட்டு, பக்கத்து வீட்டுக் கட்டட வேலைய மேய்க்கறாரு. அங்க தூக்கு, இங்க போடுன்னு கை ஆடிக்கிட்டே இருக்கும்லா.”

புருவத்துக்குக் கட்டுப் போட்டு, அவரைப் படுக்கவைத்து, கண்ணைத் துண்டால் மூடினேன். இழை என் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“படுதா?”

“நல்லா படுது மிஸ்ஸி.”

“இப்ப?”

“சுண்டு வெரல்ல.”

சரோஜா என் கைகளைப் பார்த்தார். நான் துண்டை எடுத்துவிட்டு, தொடவே இல்லை என்று சொன்னேன். ராமையா எழுந்து உட்கார்ந்து இடது பாதத்தைக் கையால் தடவினார்.

“தெரியலன்னு சொன்னா லெட்டரு குடுக்க மாட்டீங்கல்ல, மிஸ்ஸி. அப்புறம்... காலு பாதி செத்துப்போச்சின்னு இவளுக்குத் தெரிய வேணாம்னு நெனச்சேன்.”

“எனக்குத் தெரியாதா?” என்றார் சரோஜா. “தெனம் அந்தச் செலிப்பரப் பொறுக்கிட்டு வர்றது யாரு?”

3. இறங்கிய கிராஃப்

தலைமையகத்தார் வந்தார்கள். ஜெயரத்தினம் சுவரைக் காட்டினார். நோயாளி எங்கே என்று கேட்டதற்கு, “ரெஸ்ட் எடுக்கிறாரு” என்றார். நான் குறுக்கே புகுந்து, விழுந்துவிட்டார், என் அளவீடு தப்பு, மறுபடி அளக்கப்போகிறேன் என்றேன். ஜெயரத்தினம் பார்த்த பார்வையில் எனக்கும் ஒரு பக்கவாதம் வந்துவிடுமோ என்று பயந்தேன். வந்தவர்கள் அதைக் குறித்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போனார்கள்.

மறுபடி அளந்தபோது முப்பத்தொன்பது மார்க்; பாதம் உணராத தரையை அதுவரை கண்ணால் பார்த்தே சமாளித்திருக்கிறார். கடிகாரத்தை இடது கணுக்காலில் கட்டினேன். அடிகள் ஆயிரத்தைத் தாண்டவில்லை. சுவரிலிருந்த தாளை ஜெயரத்தினம் தன் கையாலேயே கிழித்தார். அதன் பிறகுதான் உண்மையான சிகிச்சை தொடங்கியது. அரிசி, மணல், ஈரத் துணி ஆகியவற்றின் மேல் கண்ணை மூடி மிதிக்க வைத்தோம். குளியலறையில் நாற்காலியும் கைப்பிடியும் வந்தன. மோட்டார் கடிதம் கொடுக்கவில்லை. அதற்காக ராமையா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ஐந்து மாதம் கழித்து, லோரிகளை எடை போடும் இடத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலையைத் தோட்டம் கொடுத்தது. சரோஜா லைசென்ஸ் எடுத்து, தினமும் அவரைக் கொண்டுபோய் விட்டார்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். நடுநடுவே தொடாமலும் கேளுங்கள். பெஞ்சில் இருப்பவரிடமும் கேளுங்கள். ஓய்வு பெறுமுன், இந்தத் தொடாமல் கேட்கும் டெஸ்டை எங்கள் ஆபீசிலும் ஒருமுறை செய்து பார்த்தேன். மாதக் கூட்டத்தில் எழுந்து, “போன வாரம் அனுப்பிய புதிய பாதுகாப்புச் சுற்றறிக்கையை எல்லாரும் படிச்சீங்களா?” என்று கேட்டேன். அப்படி ஒரு சுற்றறிக்கையே கிடையாது.

எல்லாரும் கையைத் தூக்கினார்கள். ஜெயரத்தினம், அதில் இரண்டாம் பக்கம் மிக முக்கியமானது என்றார்.