தந்தை அல்லது தாய்

சிக்னல் சிவப்புக்கு மாறியதும் மெதுவக்காவின் கை நேராக வானொலிக்குப் போகிறது. ஒலியைக் கூட்டுகிறார். நாடாளுமன்றத்தில் யாரோ தொண்டையைச் செருமுகிறார். "இவரு எதிர்க்கட்சி. இருமினாலே ஏதோ எதிர்க்கப் போறாருன்னு அர்த்தம்," என்கிறார் அக்கா, ஸ்டியரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்திருக்கும் பல் டாக்டரிடம். "நீங்க பச்சையப் பாருங்க. விழுந்ததும் க்ளட்ச்ச மெதுவா விடுங்க. மெதுவா. மெதுவான்னா மெதுவா." வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிடுகிறது. பின்னால் ஹார்ன்கள் அலறுகின்றன. "அவங்களும் ஒரு நாள் இப்படிக் குதிச்சவங்கதான். நீங்க சாவியத் திருப்புங்க."

டிரைவிங் ஸ்கூலில் அவரிடம் வண்டி ஓட்டப் பழகியவர்கள் சூட்டிய பெயர்தான் மெதுவக்கா. ஊருக்குத்தான் இந்த உபதேசம். அவர் அகராதியில் அந்தச் சொல்லே கிடையாது. நடந்தால் அரை ஓட்டம். பேசினால் ஆலங்கட்டி மழை. சூடான டீயை ஆறவிடப் பொறுமை இல்லாமல் குடித்துவிட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டு, டீ போட்டவரை முறைப்பார். ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிற வயது. காதோரத்து நரையைக் கறுப்பாக்கவும் அவருக்கு நேரம் இல்லை. "நானா போய் நரைக்கச் சொன்னேன்? அதுவா வந்துச்சு, அதுவா இருக்கட்டும்."

அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கூடவே அரசியலமைப்பையும் கற்றுக்கொண்டுதான் இறங்குவார்கள். வேறு வழியில்லை. கதவு சாத்தியிருக்கும், பெல்ட் மாட்டியிருக்கும், கண் ரோட்டில் இருக்கும், காது மட்டும் அக்காவுக்குச் சொந்தம். "அரசியலமைப்புன்னா ஏதோ பாறையில வெட்டி வெச்சதுன்னு நெனச்சீங்களா? எங்கம்மா பொறந்தப்ப பொம்பளைக்கு ஓட்டே கெடையாது. ஒரு திருத்தம் வந்துச்சு, ஓட்டு வந்துச்சு. முன்னெல்லாம் போலீஸ் புடிச்சா எதுக்குன்னே சொல்ல மாட்டான். இன்னொரு திருத்தம் வந்துச்சு, காரணத்த சொல்லித்தான் ஆகணும்னு ஆச்சு. மனுசங்க போட்டது, மனுசங்களே மாத்தலாம். லெஃப்ட்ல திருப்புங்க. இண்டிகேட்டர யாரு போடுவா, உங்க மாமனாரா?"

இந்த ஆர்வம் புத்தகத்தில் பிறந்ததில்லை, பிரசவ அறையில் பிறந்தது. அக்காவின் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பக்கத்து நாட்டில் பிறந்தவர். பேச்சு ஒன்று, சாப்பாடு ஒன்று, நடுவில் ஓடும் தண்ணீரும் ஒன்று. பாஸ்போர்ட்தான் வேறு. கல்யாணம் ஆன புதிதில் அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மகள் பிறந்த பிறகுதான் தெரிந்தது, இந்த நாட்டு அரசியலமைப்பின்படி பிள்ளைக்குக் குடியுரிமை வருவது தந்தை வழியாக மட்டும். அக்கா இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரில் படித்து, இந்த ஊரிலேயே பெற்றும் போட்டார். ஆனால் பெற்ற பிள்ளை வெளிநாட்டுக்காரி.

அதைவிட வேடிக்கை அவருடைய அண்ணன் வீட்டில். அண்ணனும் அதே ஆற்றைக் கடந்துபோய்த்தான் பெண் எடுத்தார். அவர் பிள்ளைகள் மூன்று பேரும் பிறந்த அன்றைக்கே இந்த நாட்டுப் பிரஜைகள். ஒரே வீட்டுப் பேரப்பிள்ளைகள், ஒரே பாயில் உருண்டு வளர்ந்தவர்கள். "அண்ணன் கட்டிட்டு வந்தா அது வீட்டுக்கு வந்த மருமக. நான் கட்டிக்கிட்டா அது நாட்டுக்கு வந்த அந்நியனா? ஒரே வயித்துலதானய்யா நாங்க ரெண்டு பேரும் பொறந்தோம்?"

வருடா வருடம் மகளைக் கூட்டிக்கொண்டு வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்பார். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் எங்கோ இருக்கும் கடற்கரையின் படம், சூட்கேசுடன் வந்த நிஜ வெளிநாட்டுக்காரர்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் தலை நிமிராமல் கேட்பார்: "இந்த நாட்டுக்கு எப்ப வந்தீங்க?"

மகள் சிறுமியாக இருந்தபோது ஒருமுறை நாற்காலியின் மேல் ஏறி நின்று பதில் சொன்னாளாம்: "பொறந்தப்ப வந்தேன்."

"திரும்பிப் போறது எப்போ?"

மகள் திரும்பினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் பேச்சு வேகம் குறையும். "அன்னைக்கு அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அது இன்னும் இங்கயே இருக்குங்க," என்று நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டுவார். அடுத்த நொடி, "வலது பக்கம் லாரி வருது, தூங்காதீங்க," என்பார்.

அந்த மகள் இப்போது வளர்ந்து வாட்டசாட்டமாக நிற்கிறாள். சின்ன வயதில் பக்கத்துத் தெருவில் ஒரு மரக்கடை பற்றி எரிந்ததைப் பார்த்தாள். அன்று முதல் அவளுக்குத் தீயணைப்புப் படை ஒன்றுதான் கண்ணில் நிற்கிறது. தன்னார்வலராகச் சேர்ந்து குழாய் இழுத்தாள், கயிறு கட்டினாள், புகைக்குள் தவழ்ந்து போய் ஒரு பெரியவரைத் தோளில் தூக்கிக்கொண்டும் வந்தாள். வேலைக்கு ஆள் எடுத்தபோது ஓட்டத்தில் தேறினாள், எடை தூக்குவதில் தேறினாள், கடைசியில் குடியுரிமை என்ற இடத்தில் நிறுத்தினார்கள். நிலைய அதிகாரிக்கே மனசு கேட்கவில்லை. "எனக்கு உன்னை மாதிரி பத்துப் பேரு வேணும்மா. ஆனா சட்டம் இடிக்குது," என்றார். மகள் ஹெல்மெட்டைத் துடைத்து வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் வழக்கம்போலச் சம்பளமில்லாத பயிற்சிக்குப் போனாள். அக்காதான் அன்றைக்கு மூன்று மாணவர்களைக் காரணமில்லாமல் திட்டித் தீர்த்தார்.

இந்த நிலையில்தான் அரசியலமைப்புத் திருத்தம் வருகிறது என்ற செய்தி வந்தது. 'தந்தை' என்று இருக்கும் இடத்தில் 'தந்தை அல்லது தாய்' என்று மாற்றப் போகிறார்கள். அக்கா காரை ஓரங்கட்டச் சொல்லிவிட்டுச் செய்தியை முழுக்கக் கேட்டார். "பாருங்க, ஒரு 'அல்லது'. இந்தக் குட்டியூண்டு வார்த்தைக்குத்தான் நான் இத்தனை வருசமா காத்துக் கெடந்தேன்." சந்தோஷம் மறுநாள் காலைவரைகூடத் தாங்கவில்லை. முழு வரைவும் வெளிவந்தபோது அதில் இன்னொரு வார்த்தை இருந்தது: 'இனிமேல்'. இனிமேல் பிறக்கும் பிள்ளைகளுக்கு மட்டும். பந்தி போட்டாயிற்று, ஆனால் ஏற்கெனவே பசித்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இலை கிடையாது.

நகர மண்டபத்தில் நாடாளுமன்றக் குழு மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் என்று அறிவித்தார்கள். அன்றைய வகுப்புகளை ரத்து செய்துவிட்டு அக்கா போனார். மண்டபம் முழுக்க அவரைப் போன்ற அம்மாக்கள். கைக்குழந்தையோடு சிலர், மீசை முளைத்த பையன்களோடு சிலர். ஒவ்வொருவராக ஒலிபெருக்கி முன்னால் போய் அழுதார்கள், கெஞ்சினார்கள். அக்காவின் முறை வந்தது. வீட்டில் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"ஐயா," என்றார் குழுத் தலைவரைப் பார்த்து, "இந்தச் சட்டம் தப்புன்னு நீங்களே சொல்றீங்க. அதனாலதான் மாத்தறீங்க. இன்னைக்குத் தப்பா இருக்கறது, எம்பொண்ணு பொறந்தப்ப மட்டும் சரியா இருந்துச்சா?"

தலைவர் நல்ல மனிதர். பொறுமையாகவே சொன்னார்: "நியாயமான கேள்விம்மா. ஆனா சட்டத்தைப் பின்னோக்கிக் கொண்டுபோறதுல நிறைய சிக்கல் இருக்கு."

"இருக்கும்ங்க. ரிவர்ஸ் எடுக்கறது கஷ்டம்தான். ஆனா நான் டிரைவிங் சொல்லித் தர்றவ. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவன லைசென்ஸ் டெஸ்ட்டுக்கே அனுப்ப மாட்டேன்."

மண்டபமே குலுங்கியது. தலைவரும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அன்று மாலைச் செய்தியில் அந்த ஒற்றை வரி திரும்பத் திரும்ப ஒலித்தது.

வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. மகள் வானொலியை அணைத்துவிட்டு வந்து எதிரில் நின்றாள். "ஏம்மா, என் வாழ்க்கைய ஜோக்கா ஆக்கிட்டு வந்திருக்கியே. ஸ்டேஷன்ல எல்லாரும் ரிவர்ஸ் ரிவர்ஸ்னு கிண்டல் பண்றாங்க."

"நான் ஜோக் சொல்லப் போகலடி. வாயில வந்துச்சு."

"சிரிச்சுட்டு மறந்துடுவாங்கம்மா. அழுதிருந்தாலாவது ஞாபகம் இருக்கும்."

அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் வழியெல்லாம் அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். கணவர் கழற்றி வைத்திருந்த மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, "எல்லாம் என்னாலதான். நான் ஒருத்தன் ஆத்துக்கு இந்தப் பக்கம் பொறந்திருந்தா உங்களுக்கு இந்த அலைச்சல் இல்ல," என்றார். "நீங்க வேற சும்மா இருங்க. நான் ஆத்தப் பாத்தா உங்கள கட்டிக்கிட்டேன்?" என்றார் அக்கா. அந்த வீட்டில் அன்றைக்குக் கிடைத்த ஒரே சிரிப்பு அதுதான். மகளும் சிரிப்பை அடக்கி உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சிரித்தவர்கள் மறக்கவில்லை. அந்த மண்டபத்தில் அழுதவர்களையும் மறக்கவில்லை. இறுதி வரைவில் 'இனிமேல்' காணாமல் போயிருந்தது. 'ஏற்கெனவே பிறந்தவர்களுக்கும்' என்று எழுதியிருந்தது. ஆனால் அரசியலமைப்பைத் தொடுவதென்றால் பாதிப் பேர் கை தூக்கினால் போதாது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆளுங்கட்சியிடம் அவ்வளவு பலம் இல்லை. அதனால்தான் அக்கா கொஞ்ச நாளாக ஒவ்வொரு சிக்னலிலும் வானொலியைக் கூட்டி, எதிர்க்கட்சிக்காரர்களின் இருமலுக்குக்கூட அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

வாக்கெடுப்பு நடந்தபோதும் ஸ்டியரிங்கில் இருந்தது பல் டாக்டர்தான். ஊரார் வாயையெல்லாம் தைரியமாகத் திறக்கிறவர், நாலுமுனைச் சந்திப்பைப் பார்த்தால் வெலவெலத்துப் போவார். "எண்ண ஆரம்பிச்சுட்டாங்க டாக்டர். ஓரமா நிறுத்துங்க," என்றார் அக்கா. அவர் நிறுத்திய இடம் பேருந்து நிறுத்தம். பின்னாலேயே பேருந்து வந்து உறுமியது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். அவரும் அக்காவிடம் வண்டி ஓட்டப் பழகியவர்தான்.

"என்னக்கா, வண்டி நின்னுபோச்சா?"

"வண்டி நிக்கட்டும் தம்பி. சட்டம் ஓடிக்கிட்டிருக்கு."

ஓட்டுநருக்குப் புரிந்துவிட்டது. இன்ஜினை அணைத்துவிட்டுத் தன் வானொலியையும் திறந்துவிட்டார். ஜன்னலோரத்துப் பயணிகள் தலையை நீட்டினார்கள். காய்கறிப் பையோடு ஏறப்போன ஒரு பெண் படியில் ஒரு காலை வைத்தபடியே நின்றாள். அவைத் தலைவர் தாளைப் புரட்டும் சத்தம்கூடக் கேட்டது. எதிர்ப்பவர்கள் எண்ணிக்கையை முதலில் வாசித்தார். அக்கா விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டார், தப்பாகப் போட்டார், மறுபடியும் போட்டார். "டாக்டர், நீங்க படிச்சவரு, போதுமா போதாதா?" டாக்டருக்கும் அந்த நேரத்தில் கணக்கு வரவில்லை. பிறகு அவைத் தலைவரே சொன்னார்: தேவையான பெரும்பான்மையைவிட ஏழு பேர் கூடுதல். திருத்தம் நிறைவேறியது.

பேருந்துக்குள் கைதட்டல் எழுந்தது. ஓட்டுநர் இறங்கி ஓடிவந்தார். "அக்கா, ரிவர்ஸ் எடுத்துட்டாங்கக்கா." அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆலங்கட்டி மழை அப்படியே நின்றுபோன மாதிரி இருந்தது. கண் கலங்கியது பல் டாக்டருக்குத்தான். மகளுக்குப் போன் அடித்தார்கள். எடுக்கவில்லை. பயிற்சியில் இருப்பாள்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "தீயணைப்பு நிலையத்துக்கு எந்த வழிங்க?"

"அந்த நாலுமுனையத் தாண்டணும் டாக்டர். நீங்க இறங்குங்க, நான் ஓட்டறேன்."

"வேண்டாம். நானே ஓட்டறேன். நீங்க இருக்கற நிலையில உங்களுக்கு வண்டி தர முடியாது."

வாழ்நாளில் முதல்முறையாக அக்கா மாணவர் சொல்லைக் கேட்டுப் பெல்ட்டை மாட்டினார். டாக்டர் ஒருமுறைகூட வண்டியை நிறுத்தாமல் நாலுமுனையைத் தாண்டினார். தாண்டியதை இருவருமே கவனிக்கவில்லை.

தீயணைப்பு நிலையத்தின் பின்முற்றத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நான்கு மாடி உயரக் கோபுரத்தில் நீள ஏணி சாய்ந்திருந்தது; அதில் பாதி உயரத்தில், தோளில் குழாயோடு மகள். கார் நிற்கும் முன்பே அக்கா இறங்கி ஓடினார்.

"அடியே, நிறைவேறிடுச்சுடி. நீ இந்த ஊருக்காரிடி."

மகள் கீழே பார்க்கவில்லை. "கேட்டேம்மா. இங்கயும் ரேடியோ இருக்கு," என்றாள்.  ஏணிப் படியில் நெற்றியைச் சாய்த்து ஒரு மூச்சு அப்படியே நின்றாள். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா."

"அதெல்லாம் இறங்கி வந்து பேசிக்கலாம். இப்ப கைய விட்டுடாத."

நிலைய அதிகாரி அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். "அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது முதல் ஆளா நிக்கச் சொல்லுங்க," என்றார். அக்கா அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. மேலே மகள் குழாயைத் தோளில் சரிசெய்துகொண்டு அடுத்த படியில் கால் வைத்தாள். ஏணியின் அடியை இரண்டு வீரர்கள் கெட்டியாகத்தான் பிடித்திருந்தார்கள். மெதுவக்கா அவர்கள் நடுவில் தன்னை நுழைத்துக்கொண்டு, கீழ்ப்படியின் மேல் ஒரு காலை ஊன்றி, ஏணியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்.