ஹெரால்டின் வெள்ளை வயர்

நான் தணிக்கைத் துறைக்காரி. எந்த விஷயமும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டிலும் இப்படித்தான் என்று என் கணவர் ரங்கராஜன் புலம்புவார், புலம்பட்டும். இந்தக் குணம் மட்டும் எனக்கு இல்லாமல் இருந்திருந்தால், கீழ் வீட்டு மதலைமுத்து சார் தன் அருமைக் காருக்கு மட்டமான வயரிங் செட்டே போதும் என்று ஏன் அடம்பிடித்தார் என்பது கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

கீழ் வீடு என்றால் உண்மையில் அது சாரின் மனைவி சிசிலியா சிஸ்டரின் வீடு. கிட்வாய் நகரில் அந்தக் குடியிருப்பு அவர் பெயரில்தான் ஒதுக்கப்பட்டது. தூத்துக்குடிக்காரர். அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூத்த நர்ஸ். காலனியில் யாருக்கு ஊசி போடவேண்டும் என்றாலும், எந்தக் குழந்தை மூக்கில் பட்டாணியைத் திணித்துக்கொண்டாலும் அவர் வீட்டு மணிதான் அடிக்கும். அதிகம் பேசமாட்டார். கை மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். மிக்ஸி நின்றால் அவரே திருப்புளியோடு உட்காருவார். கீசர் கெட்டால் எலக்ட்ரீஷியனுக்கு முன்னால் அவரைத்தான் நான் கூப்பிடுவேன். இப்படிப்பட்டவருக்கு உலகத்தில் ஒரே ஒரு யந்திரம் மட்டும் வசப்படவில்லை. அது அவர்கள் வீட்டுக் கார்.

சென்னையில் தயாரான, நாலு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. பால்கோவா நிறம். மதலைமுத்து சார் மத்திய அரசில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தபோது, ஊருக்குத் திரும்பிய ஓர் அதிகாரியிடமிருந்து வாங்கியது. பழைய வண்டிகள் தெருவில் ஓடக்கூடாது என்று டெல்லியில் விதி வந்ததும், தார்ப்பாய் போர்த்தி நிறுத்திவிட்டார்கள். இப்போது அதற்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டதால் பழம்பெரும் வண்டி என்று தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. சாருக்குப் போன வருடம் லேசாகப் பக்கவாதம் வந்து வலது கால் பலமிழந்துவிட்டது. சிஸ்டருக்கோ அடுத்த வருடம் ஓய்வு, வீட்டைக் காலி செய்யவேண்டும். குர்கானில் ஐ.டி. வேலையில் இருக்கும் மகன் கெவின், சத்தர்பூர் பண்ணை வீட்டுப் பணக்காரர் ஒருவரைப் பிடித்து வைத்திருந்தான். உள்ளே வயரெல்லாம் உதிர்ந்துபோயிருக்கிறது, அதை அசல் மாதிரியே மாற்றிக் கொடுத்தால் வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

"நீங்களே வச்சுக்கலாமே சிஸ்டர்? பதிவு பண்ணி ஓட்டுங்கோளேன்," என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு அது ஓடாது மாலா," என்றார்.

ஓட்டத் தெரியாது என்று சொல்லவில்லை. ஓடாது என்றார். எனக்கு உடனே காது நிமிர்ந்துவிட்டது.

கதை இதுதான். கெவின் கைக்குழந்தையாக இருந்தபோது சாரே சிஸ்டருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். லைசென்சும் வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாணக்யபுரியின் அகலமான சாலைகளில் பழகுவார்கள். சிஸ்டர் கியர் மாற்றுவார், வேகம் எடுப்பார், ரவுண்டானா வரும், வண்டி நின்றுவிடும். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், உயிர் வராது. சார் இறங்கி, முகப்பைத் திறந்து எதையோ தட்டிவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்து, "இப்ப போடு" என்பார். உடனே கிளம்பும். அடுத்த ரவுண்டானாவில் மறுபடி அதே கதை. சார் ஓட்டினால் மட்டும் ஒருநாளும் நின்றதில்லை.

"பங்குச் சாமியாரக் கூப்பிட்டு மந்திரிச்சுப் பாத்தோம். ஒண்ணும் நடக்கல. வேளாங்கண்ணிக்குப் போயி வெள்ளியில கார் உருவம் வாங்கி மாதாவுக்குக் காணிக்கை போட்டேன். அப்பவும் நின்னுச்சு. சில பேர் கைக்குச் செடி பட்டுப்போவும்லா, அது மாதிரின்னு விட்டுட்டேன்."

சொல்லும்போது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் நைட் டூட்டிக்கு லோதி ரோடு நிறுத்தத்தில், ஜனவரி மூடுபனியில், முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வண்டி வீட்டு வாசலில் நிற்கும்.

சரி, வயரிங் செட்டுக்கு வருகிறேன். இதில் இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு காரின் பேட்டரியிலிருந்து விளக்கு, ஹாரன், வைப்பர் என்று எல்லா இடத்துக்கும் போகும் வயர்களைச் சேர்த்துக் கட்டிய கொத்துதான் வயரிங் செட். சேலைக்கு மேட்ச்சிங் பிளவுஸ் எடுப்பதுபோல் கடையில் போய் வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வழி மூன்று இருந்தது. இங்கிலாந்திலிருந்து துணி சுற்றிய அசல் செட் வரவழைக்கலாம். காஷ்மீரி கேட் கடைத்தெருவில், பல வண்டிக்கும் பொதுவாக ஒப்பேற்றக்கூடிய ரெடிமேட் ஒன்றை வாங்கலாம். இல்லையென்றால் கோயம்புத்தூரில் தமிழ்செல்வி என்ற பெண் பழைய கார்களுக்கு அளவெடுத்துச் செய்து தருகிறாள், அவளிடம் கொடுக்கலாம்.

சிஸ்டர் தமிழ்செல்வியைக் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டார். நான் தற்செயலாக அங்கே இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சீமை செட்டு உங்க வண்டிக்கு அப்படியே சேருமான்னு சொல்ல முடியாதுங்க்கா. நாலு கதவு ஹெரால்டு நம்மூர்ல மட்டும்தான் வந்துச்சு, அளவு மாறும்," என்றாள் அவள். பிறகு கேள்விகளைத் தொடங்கினாள். சார்ஜ் ஆகிறது டைனமோவிலா, ஆல்டர்னேட்டரிலா? பேட்டரியின் எந்த முனையை வண்டியின் உடம்போடு சேர்த்திருக்கிறார்கள், பிளஸ்ஸா மைனஸா? பின்னால் யாராவது மின்விசிறி, ரேடியோ ஏதாவது சேர்த்தார்களா?

வண்டியின் உடம்பே பாதி வயர் வேலையைச் செய்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். போகும் மின்சாரம் வயரில் போகிறது. திரும்பி வருவது இரும்பு உடம்பு வழியாக. எனக்கு ஒரே ஆச்சரியம். சிஸ்டர் நோயாளியின் பழைய விவரங்களைச் சொல்வதுபோல் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார்.

"பழைய செட்டக் கழட்டும்போது வெட்டிப் போட்டுறாதீங்க. ஒவ்வொரு வயரும் எங்க போகுதுன்னு பாத்து, எனக்கு வீடியோல காட்டுங்க. அத வெச்சுத்தான் செய்வேன்," என்றாள் தமிழ்செல்வி.

அப்போதுதான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மதலைமுத்து சார் வாயைத் திறந்தார். "இதெல்லாம் என்னத்துக்கு? விக்கப்போற வண்டி. காஷ்மீரி கேட்ல ஒரு ரெடிமேட வாங்கி மாட்டிருவோம். பழசப் பிச்சுப் போட்டாப் போதும்."

யார் சொல்வது? செய்தித்தாளை மடித்தால் ஓரம் ஓரத்தோடு சேரவேண்டும் என்று நிற்கிற மனுஷன். ஹெரால்டுக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ தொலைந்தால் அதே அளவு, அதே தலை கிடைக்கும்வரை கரோல்பாகைச் சல்லடை போட்டுத் தேடியவர். அவருக்கு ஒப்பேற்றுகிற ரெடிமேட் போதுமாம்! அலுவலகத்தில் ஓர் ஆள் திடீரென்று தாராளமாகப் பேசினால் நான் பேனாவைத் திறந்துவிடுவேன். அன்றும் உள்ளுக்குள் திறந்துவிட்டேன்.

"வாங்கறவர் அசல் மாதிரி இருக்கணும்னு கேக்கறார் சார். கோயம்புத்தூரே இருக்கட்டும்," என்றேன். சிஸ்டரும் தலையாட்டினார்.

சனிக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. ஹெரால்டில் முன் சக்கர மட்கார்டுகளோடு சேர்ந்து முகப்பு முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். உள்ளே இருப்பதெல்லாம் கைக்கு எட்டும். சிஸ்டர் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஆஸ்பத்திரி பிளாஸ்டரைக் கிழித்து ஒவ்வொரு வயரிலும் பெயர் எழுதி ஒட்டினார். ஒட்டிக்கொண்டே நிறங்களை எனக்குச் சொன்னார். நீலம் பெரிய விளக்குக்கு, சிவப்பு சின்ன விளக்குக்கு, கறுப்பு உடம்போடு சேர்வது. வெள்ளை, சாவியிலிருந்து, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் காயிலுக்குப் போவது. அது அறுந்தால் வண்டி நின்றுவிடும். நான் போனைப் பிடித்துக்கொண்டு தமிழ்செல்விக்குக் காட்டினேன்.

"அக்கா, அந்த வெள்ளைய இன்னொருவாட்டி காட்டுங்க," என்றாள் அவள். "நடுவுல வெட்டி ஒட்டியிருக்குதுங்களே. அங்கிருந்து ரெண்டு வயரு இடது பக்கம் போகுது. அது கம்பெனி வயரு இல்லீங்க. எங்க போயி முடியுதுன்னு பாருங்க."

எங்கே போய் முடிகிறது! என்னிடம் போய் இதைக் கேட்டால் விடுவேனா? போனை சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கு முன்னால் கீழே தலையை நுழைத்தேன். வயர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, ரப்பர் மேட்டுக்கு அடியில் போனது. மேட்டைத் தூக்கினேன். தரையில், கால் நுனி படும் இடத்தில், எட்டணா நாணயம் அளவுக்கு ஓர் இரும்புப் பொத்தான்.

"டிப்பர் சுவிட்ச்சுங்க," என்றாள் தமிழ்செல்வி. "பெரிய விளக்க மேல கீழ மாத்த, கால்ல அமுக்குவாங்களே, அது. ஒருக்கா அமுக்குனா ஒரு பக்கம், மறுக்கா அமுக்குனா மறு பக்கம். யாரோ அதப் போயி இஞ்சின நிறுத்தறதுக்கு மாட்டியிருக்காங்க."

"சோர் சுவிட்ச்தான்," என்றார் சார் நாற்காலியிலிருந்து. குரல் உயர்ந்திருந்தது. "டெல்லியில அப்ப எல்லாரும் வச்சோம். கள்ளன் வண்டியக் கொண்டுபோயிரக் கூடாதுல்லா."

உண்மைதான். எங்கள் பழைய ஃபியட்டிலும் ரங்கராஜன் ஒன்று வைத்திருந்தார். நான் சமாதானமாகி எழுந்திருக்கப் போனேன். போனிலிருந்து தமிழ்செல்வி விடவில்லை. அவளும் என் ஜாதி.

"திருட்டுக்கு வெக்கறத டிரைவரு கை எட்டற எடத்துலல்லங்க வெப்பாங்க? தனியா வந்தா இத எப்படிங்க அமுக்கறது? இது பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கறவங்க காலுக்குத்தான் எட்டும்."

சிஸ்டர் போனை என்னிடம் கொடுத்தார். சுற்றிவந்து அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைப் பொத்தான் மேல் வைத்தார். அமுக்கினார். டிக் என்றது. மறுபடி அமுக்கினார். டிக்.

"ஏங்க," என்றார். "ரவுண்டானாவுல எல்லாம் நின்னுச்சே."

சார் தரையைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. ஆனாலும் நான் நகரவில்லை. நகர்ந்திருந்தால் நான் நானில்லை.

"முதல் நாளு நீ ஒரு எம்பஸி சுவத்துல போயி மோதப் பாத்த, சிசிலி. எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. பிரேக்கு என் பக்கம் இல்ல. அதான் இத மாட்டினேன். பழகுற வரைக்கும்னுதான் நெனச்சேன்."

"பழகின பொறவு?"

"பொறவும் பயமாத்தான் இருந்துச்சு. நீ தனியா நைட்ல ஓட்டிட்டுப் போயி ஏதாவது ஆச்சுன்னா? நீ வேண்டாம்னு விட்டப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அப்புறம் சொல்ல வாய் வரல."

சிஸ்டர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். குரல் மட்டும் உயரவில்லை.

"வேளாங்கண்ணியில மாதா முன்னால என்கூட முட்டி போட்டீங்களே. மெழுகுதிரி நீங்கதான ஏத்துனீங்க. அப்ப என்ன வேண்டிக்கிட்டீங்க?"

சாருக்குக் கண் கலங்கியது. எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, நாலு அறை விடலாம் போலவும் வந்தது. வென்டிலேட்டரை விரல் நுனியில் ஆட்டிவைக்கிற ஒரு மனுஷி, தன் கை ராசியில்லாத கை என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டு பஸ்ஸில் தொங்கியிருக்கிறாள். அன்பாம், பயமாம்! இரண்டும் இருந்திருக்கும்தான். பஸ்ஸில் போனது யார்?

தமிழ்செல்வி இன்னும் லைனில் இருந்தாள். மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, அந்த லைன புது செட்டுல சேக்கட்டுங்களா, விட்டுரட்டுங்களா?"

"விட்டுரும்மா," என்றார் சிஸ்டர். "வெள்ளை வயர் சாவியிலருந்து நேரா காயிலுக்குப் போகட்டும். துணி சுத்துன மாதிரியே செய்யி. ஃபியூஸ் மட்டும் கூட நாலு வச்சுக்குடு. ஓட்டப்போற வண்டி." பிறகு கெவினுக்குப் போன் போட்டு, வண்டி விற்பதாக இல்லை என்று ஒரே வரியில் சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. சிஸ்டர் டூட்டி முடிந்து ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார். புது லைசென்சு வாங்கினார். செட் வந்தது, மாட்டினார்கள், பதிவும் ஆனது. பழம்பெரும் வண்டியைத் தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கு, ரிப்பேருக்கு, பெட்ரோல் போட ஓட்டலாம் என்பது விதி. விதியை நான் வரி வரியாகப் படித்துச் சொன்னேன். "அப்ப பெட்ரோல் போடுவோம்," என்றார் சிஸ்டர்.

முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் என்னைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டார். சார் வாசலில் கைத்தடியோடு நின்றார். வரட்டுமா என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. சிஸ்டர் குனிந்து இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டார். சார் ஏறிக்கொண்டார்.

சாணக்யபுரிப் பக்கம் போனோம். வேகம் எடுத்தது. ரவுண்டானா வந்தது. நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன்: சார் இரண்டு கால்களையும் இருக்கைக்கு அடியில் இழுத்துப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் கியரைக் குறைத்தார், திருப்பினார், வெளியே வந்தார். வண்டி நிற்கவில்லை. அடுத்த ரவுண்டானாவிலும் நிற்கவில்லை. அதை இரண்டு தடவை சுற்றினார். எனக்குக் கை தட்டவேண்டும் போலிருந்தது.

பெட்ரோல் பங்க்கில் பையன் எவ்வளவு என்று கேட்டான். "தோ லிட்டர்," என்றார் சிஸ்டர். இரண்டே லிட்டர். அடுத்த வாரமும் வரவேண்டுமே!

திரும்பும் வழியில் சார்தான் பேச்சைத் தொடங்கினார்.

"நல்லாத்தான் ஓட்டுத சிசிலி."

சிஸ்டர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பவும் நல்லாத்தான் ஓட்டுனேன்," என்றார்.